மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு 'ம்'

பக்கத்தில் யாரும் இல்லையென்றால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுங்கள். இழுத்துக்கொண்டே மூக்கைப் பிடியுங்கள். சத்தம் நின்றுவிட்டதா? இவ்வளவு நேரமும் காற்று மூக்கு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 'ப' சொல்லும்போதும் அதே உதடுகள்தான் மூடுகின்றன. ஆனால் மூக்கு வழியும் அடைபடுவதால் காற்று உள்ளே தேங்கி, உதடு திறந்ததும் வெடித்து வருகிறது.

மெய்யொலிகளை வகைப்படுத்தும்போது ஒலியியலார் முதலில் பார்ப்பது இதைத்தான்: காற்று எங்கே தடைபடுகிறது, எப்படித் தடைபடுகிறது?

தொல்காப்பியத்தின் பிறப்பியல் இரண்டையும் பார்க்கிறது. நாக்கு அண்ணத்தில் அழுந்தப் பட்டால் ஒற்றுதல். தடவினாற்போல் போனால் வருடுதல். ற, ன ஒற்றிப் பிறப்பவை. ர, ழ வருடிப் பிறப்பவை. 'ழ' பிறக்கும் விதத்துக்கு 'வருடல்' என்பதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இதுவரை பார்க்கவில்லை.

நம் எழுத்து வரிசையையே பாருங்கள். க, ச, ட, த, ப என்று அடிநாக்கில் புறப்பட்டு உதட்டுக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே இடத்து மூக்கொலி. 1886-இல் பாரிசில் தொடங்கிய பன்னாட்டு ஒலியியல் கழகத்தின் அட்டவணையோ உதட்டில் ஆரம்பித்துக் குரல்வளையில் முடிகிறது.

அந்த அட்டவணை இன்னொன்றையும் கேட்கிறது: குரல்நாண் அதிர்கிறதா? தொண்டையில் விரல் வைத்துப் பாம்புபோல் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறுங்கள். அதிர்வு இருக்காது. 'ம்ம்ம்' என்றால் அதிரும். இப்போது 'பம்பரம்' சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' அதிராதது, அடுத்த 'ப' அதிர்வது. இந்தியில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. தமிழ்ச் சொற்களுக்கு ஒன்றே போதும். எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடும். தமிழில் எழுத்துப் பஞ்சம் என்று அலுத்துக்கொள்பவர்கள் இதை யோசிப்பதில்லை. 'பஸ்' மாதிரி வெளியிலிருந்து ஏறிவந்த சொற்களில்தான் சிக்கல்.

எனக்கு உண்மையான வருத்தம் 'ற' பற்றியது. நாக்கு நுனி பல்லைத் தொட்டால் 'த'. மேலே வளைந்து அண்ணத்தைத் தொட்டால் 'ட'. இரண்டுக்கும் நடுவே, மேல்பல் ஈற்றில் ஒற்றுவது பழைய 'ற'. தமிழ்நாட்டுப் பேச்சில் 'காற்று' இன்று 'காத்து' ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் மலையாளத்திலும் அந்த நடு ஒலி இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நண்பர் யாராவது இருந்தால், 'காற்று' என்று ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.