பல்குச்சியில் ஒரு லயத்து வீடு

சாப்பிட்டபின் பல் குத்திவிட்டு எறிகிறோமே, அந்தக் குச்சியைக் கொண்டு வீடு கட்டலாம் என்றால் சிரிப்பு வரும். ஆனால் அமெரிக்காவில் ஸ்காட் வீவர் என்பவர் 1974ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டு உழைத்து, 1,00,000க்கும் மேற்பட்ட பல்குச்சிகளால் சான் பிரான்சிஸ்கோ நகரத்தையே ஒட்டி நிறுத்தியிருக்கிறார். நமக்கு அத்தனை வேண்டாம். சில நூறு குச்சிகள் போதும்.

நாம் கட்டப்போவது லயத்து வீடு. எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பழைய லயங்கள் இடிபட்டுவிட்டன. நம்மிடமுள்ள பழைய படங்களைப் பாருங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தெரிவார்கள், அடுக்களை தெரியாது!

முதலில் அளவு. வீட்டில் ஓர் அடி என்பது நமக்கு ஒரு சென்டிமீட்டர். குச்சியின் கூர்முனைகளை நகவெட்டியால் நறுக்கினால் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் நிற்கும். அதாவது 6 அடி, ஓர் ஆள் உயரம். 12 அடி அறைக்கு இரண்டு குச்சிகளை முட்டவைத்து, மூட்டின்மேல் ஒரு துண்டு ஒட்டினால் சரியாகிவிடும். கணக்கென்றால் ஓடுகிற பிள்ளைகூட இதை விரல்விட்டுச் சொல்லும்.

சுவரைத் தாளில் வரைந்து, அதன்மேல் பிளாஸ்டிக் பையை விரித்து, கோட்டின்மேல் குச்சிகளை அடுக்கி ஒட்டவேண்டும். பிளாஸ்டிக் இல்லாவிட்டால் படமும் சுவரும் ஒன்றாகிவிடும். வெள்ளைப் பசையை இன்னொரு குச்சியின் நுனியால் துளியளவு தொட்டு வைத்தால் போதும். சோற்றுப் பசை வேண்டாம். எறும்பும் கரப்பானும் விருந்துக்கு வந்துவிடும். ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் சுவரை எடுத்து நிறுத்தலாம். மழைக்காலமானால் இரண்டு இரவு.

இங்கேதான் ஒரு சேதி. நான்கு குச்சிகளைச் சதுரமாக ஒட்டி, ஒரு மூலையை மெல்லத் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து தள்ளுங்கள், அசையாது. ஆகவே ஒவ்வொரு சதுரத்துக்கும் மூலைக்கு மூலை எட்டும்படி குச்சிகளை இணைத்துக் குறுக்கே கொடுக்கவேண்டும். நம் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தால், விட்டமும் சாய்ந்த கைமரங்களும் சேர்ந்து அதே முக்கோணமாக நிற்பதைக் காணலாம். தச்சர் கண்ணால் அறிந்ததைப் பிள்ளைகள் இங்கே விரலால் அறிகிறார்கள்.

கூரைக்குப் பணம் செலவில்லை. பிஸ்கட் வரும் பெரிய அட்டைப்பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்தால், உள்ளே அலைமடிப்பு இருக்கும். காயவைத்து வண்ணம் பூசினால் தகரக்கூரைதான்!

இடிந்த வீட்டின் அளவை யாரிடம் கேட்பது? பாட்டியிடம் கேளுங்கள். "கதவிலிருந்து அடுப்புக்கு எட்டு எட்டு" என்று நடந்தே காட்டுவார். தாத்தா இல்லை என்பார், பத்து என்பார். குழாயடி எந்தப் பக்கம் இருந்தது என்பதிலும் சச்சரவு வரும். இருவர் சொல்வதையும் எழுதிக்கொள்வோம். அண்டை வீட்டு அத்தையையும் கேட்டுவிட்டுக் குழாயடிக்குப் பசை தொடலாம்.