பாம்புக்கடித் துண்டறிக்கை யாருக்குச் சொந்தம்?



2023இல் இதே சவ்வாது மலைத் தொடரில், அல்லேரியில், ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் உடலைத் தாயே சுமந்து நடந்தார். சாலைக்காகப் போராடுகிறோம். அடைபட்ட வழி இன்னொன்றும் இருக்கிறது.

கடிவாயைக் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, உடனே மருத்துவமனைக்குப் போ என்று நம் வரிப்பணத்தில் அரசு எழுதுகிறது. திறந்த உரிமம் இல்லாத அந்த எழுத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவில் அப்படியே சேர்க்க முடியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அரசு ஆக்கத்துக்கு அரசையே உரிமையாளராக்குகிறது. 28ஆம் பிரிவு 60 ஆண்டுகள் பூட்டுகிறது. சட்டங்களையும் தீர்ப்புகளையும் வெளியிட 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. மருத்துவத் துண்டறிக்கைக்கு அப்படி இல்லை. அமெரிக்க ஒன்றிய அரசின் ஆக்கங்களுக்கோ அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது.

தகவலுக்கு உரிமையாளர் இல்லை, சொற்களுக்குத்தான். ஆகவே நம் சொற்களில் எழுதலாம் என்பார்கள். எழுதலாம். ஆனால் மருத்துவர்கள் சரிபார்த்த வரியில் ஒரு சொல் பிசகினால் போவது உயிர்.

2017இல் ஒன்றிய அரசே தன் தரவுகளுக்குத் திறந்த உரிமம் அறிவித்தது. தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறையும் தன் வெளியீடுகளில் ‘யாரும் எடுத்தாளலாம்’ என்று ஒரு வரி அச்சிடட்டும். தலைமுறைகளாக எழுத்து மறுக்கப்பட்டவர்கள் நாம். நம் உயிர் காக்கும் எழுத்துக்கும் கைகட்டி அனுமதி கேட்க வேண்டுமா?

ஜெய்பீம்.