ஈர்க்குக் கணக்கு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர் வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவா என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் பேச வந்தது ஒரு விளக்குமாற்றைப் பற்றி.

1995இல் நாங்கள் பத்தாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, கொப்பிக்கும் தட்டுப்பாடு. ஒருநாள் கணித ரீச்சர் விளக்குமாற்றை அவிழ்த்து, ஒரே நீளமாக நறுக்கிய ஈர்க்குகளை ஆளுக்கொரு பிடி தந்தா. "கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இடத்தில புள்ளி வையுங்கோ. அந்த இடங்களில முறியுங்கோ. மூன்று துண்டும் முக்கோணமாகுதோ பாருங்கோ."

பாதிக்குப் பாதி வரும் என்றோம். 100 ஈர்க்கில் 26தான் வந்தது. ரீச்சர் கரும்பலகையில் ஒரு சமபக்க முக்கோணி கீறினா. உள்ளே எங்கே புள்ளி வைத்தாலும், அதிலிருந்து மூன்று பக்கங்களுக்கும் உள்ள செங்குத்துத் தூரங்களின் கூட்டுத்தொகை முக்கோணியின் உயரமேதான். அந்த உயரம் ஈர்க்கின் நீளம். தூரங்கள் மூன்றும் துண்டுகள். ஒரு துண்டு பாதியை எட்டினால் மற்ற இரண்டும் சேர்ந்தாலும் முக்கோணம் மூடாது. ஆகவே பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால் வரும் நடு முக்கோணிக்குள் புள்ளி விழ வேண்டும். அதன் பரப்பு காற்பங்கு. என்ன அழகான நிறுவல்!

கடைசி வாங்கில் இருந்த தோழிக்கு மட்டும் 100க்கு 39 வந்தது. எண்ணத் தெரியாதவள் என்று சிரித்தோம். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த ஐப்பசியில் ஊரே இடம்பெயர்ந்தது. பிறகு அவளைக் காணவில்லை.

பல வருடங்களின் பின், இரவுக் கடமையில் மருந்துச்சீட்டின் பின்புறம் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அவள் புள்ளி வைக்கவில்லை. ஒருமுறை முறித்து, நீளமான துண்டை எடுத்து மறுபடி முறித்தாள். எங்களுடைய இரண்டாவது முறிப்புப் பல தடவை சிறிய துண்டில் விழுந்து வீணானது. அவளுக்கு அப்படி ஆகவே முடியாது. அந்த முறையில் விடை ஏறத்தாழ 0.386.

இன்றும் மருந்து ஆய்வொன்று கைக்கு வந்தால், வீதத்தைப் பார்க்கமுன் ஆட்களை எப்படித் தெரிந்தெடுத்தார்கள் என்றுதான் தேடுகிறோம். அது வேறு கதை.

இந்த உரை மலரில் வருமாம். தோழி, நீர் எந்த நாட்டில் இருந்து இதை வாசித்தாலும் சரி, உம்முடைய 39 பிழையில்லை. எங்களை மன்னித்துக்கொள்ளும்.