செய்து பார்க்கட்டும் பிள்ளைகள்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியையான குடியிருப்புவாசி ஒருவர் ஆற்றிய உரை.)



கிளப் ஹவுஸை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் அறையை என்ன செய்வது என்பது இன்றைய தீர்மானங்களில் ஒன்று. ரோபோட்டிக்ஸ் கிட் வாங்கி, வெளியாட்களை வைத்து வகுப்பு நடத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். பெரிய பிள்ளைகளுக்கு அது பயன்படும். ஆனால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அதற்கு முந்தைய படி ஒன்று இருக்கிறது. அதற்காக அந்த அறையைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

தொழில்நுட்பம் என்றதும் நமக்குக் கம்ப்யூட்டர்தான் நினைவுக்கு வருகிறது. பாக்குவெட்டியும் தொழில்நுட்பம்தான். கிணற்று ராட்டினமும், துணி மாட்டும் கிளிப்பும் அப்படியே. யாரோ ஒருவருக்கு ஒரு தொல்லை இருந்தது. அதைத் தீர்க்க இன்னொருவர் யோசித்து, செய்து, சரிவராததை மாற்றியிருக்கிறார். இந்த யோசிப்பையும் மாற்றுவதையும் பிள்ளைகளுக்குப் பழக்குவதுதான் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பாடம்.

இங்கிலாந்தில் 1990 முதல் ஐந்து வயதிலிருந்தே இது தேசியப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. சின்ன வகுப்புகளில் நெம்புகோல், சக்கரம், அச்சு. அடுத்து கப்பி, பல்சக்கரம், மின்சுற்று. சமையலும் அந்தப் பாடத்தில் சேர்த்திதான். நம் நாட்டிலும் மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆராய்ந்திருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, வீட்டில் தூக்கிப்போடும் பொருட்களிலேயே அறிவியல் பொம்மைகள் செய்து காட்டுவதை வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் வீடுகளில் 'புராஜெக்ட்' எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இரவு பத்து மணிக்குத் தெர்மாகோல் தேடி அப்பா கடைக்கு ஓடுவார். அம்மா வெட்டி ஒட்டுவார். பிள்ளை தூங்கியிருக்கும். மறுநாள் அந்த எரிமலை பள்ளிக்குப் போய்ப் பாராட்டு வாங்கும். பிள்ளை கற்றது என்ன?

ஓர் எளிய எடுத்துக்காட்டு சொல்கிறேன். பாட்டில் மூடி, ஸ்ட்ரா, மூங்கில் குச்சி, சின்ன அட்டைப்பெட்டி. இவற்றை வைத்து ஒரு வண்டி செய்யச் சொன்னால், குச்சியையும் மூடியையும் பெட்டியையும் சேர்த்துப் பசை போட்டுவிடுவார்கள். வண்டி நகராது. அங்கே நாம் வாயைத் திறக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும்: ஒன்று, அச்சு சுற்ற வேண்டும், இல்லையென்றால் அச்சின் மேல் சக்கரம் சுற்ற வேண்டும். ஸ்ட்ராவைப் பெட்டியில் ஒட்டி, அதற்குள் குச்சியை விட்டால் வண்டி ஓடும். நுங்கு வண்டி உருட்டிய தலைமுறைக்கு இது தானாகத் தெரிந்திருந்தது.

மூடியில் துளை நடுவில் விழவில்லை என்றால் வண்டி குதித்துக் குதித்துப் போகும். வண்டிக்கு அது குறை. அதே மூடியை ஒரு பெட்டிக்குள் மாட்டி, மேலே ஒரு குச்சியை நிறுத்திச் சுற்றினால், குச்சி நுனியில் ஒட்டிய காகிதக் குருவி மேலும் கீழும் ஆடும். எஞ்சினுக்குள் வால்வைத் திறந்து மூடுவதும் இந்தத் தத்துவம்தான்.

மே மாத விடுமுறையில் நாங்கள் சிலர் சேர்ந்து, மொட்டைமாடி நிழலில் இரண்டு வாரம் இதை நடத்திப் பார்த்தோம். பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: பூங்கா பெஞ்சில் உட்காரும் பெரியவர்களின் கைத்தடி சரிந்து விழுந்துகொண்டே இருக்கிறது, அதற்கு வழி செய்யுங்கள்.

முதலில் அந்தப் பாட்டியிடமே போய்க் கேட்டு வரச் சொன்னோம். ஒரு குழு பெஞ்சின் காலில் கயிற்று வளையம் கட்டியது. பாட்டியால் அவ்வளவு குனிய முடியவில்லை. இன்னொரு குழு அட்டைக் குழாய் செய்தது. செடிக்குத் தண்ணீர் விட்டபோது ஊறிப்போயிற்று. மூன்றாவது குழு, தடியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையைப் போர்த்தி அளவெடுத்து, பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, கைப்பிடி உயரத்தில் கட்டியது. முதலில் தடி உள்ளே போகவில்லை. வேறு பாட்டில் தேடினார்கள். இப்போதும் அது அந்தப் பெஞ்சில் இருக்கிறது, போகும்போது பாருங்கள். அழகாக இல்லை. தடி விழுவதில்லை.

மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "கைத்தொழில் என்று தொடங்கினால் பழைய குலக்கல்வி ஆகிவிடாதா?" நியாயமான கேள்வி. 1953இல் வந்த திட்டத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னார்கள். எதிர்ப்பு வலுத்து, 1954இல் அது கைவிடப்பட்டது. நான் கேட்பது அதற்கு நேர் எதிர். எந்தப் பிள்ளையும் எதையும் செய்யலாம். பையன்களும் ஊசி நூல் எடுப்பார்கள், பெண் பிள்ளைகளும் ரம்பம் பிடிப்பார்கள். நம் வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளையும், வேலைக்கு வரும் அக்காவின் பிள்ளையும் அதே மேசையில் உட்கார வேண்டும். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்துதான் பெருக்க வேண்டும். இது இல்லையென்றால் எனக்கு அந்த அறை வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்கிறீர்கள். சின்னவர்களுக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் மட்டும். சின்ன ரம்பம் நான்கு, ஐந்தாம் வகுப்பினருக்கு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான். சூடான பசைத் துப்பாக்கியைப் பெரியவர்களே கையாள்வார்கள். வீட்டு மின்சாரம் கிடையாது, 1.5 வோல்ட் பென்சில் செல் போதும். பட்டன் செல் அறைக்குள் வரவே கூடாது. விழுங்கிவிட்டால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

செலவு அதிகமில்லை. ஒரு நீள மேசை, இரண்டு அலமாரி, கொஞ்சம் கருவிகள். ஆன்லைனில் சாமான் வரும் அட்டைப்பெட்டிகள் வாரத்துக்கு எத்தனை குப்பைக்குப் போகின்றன என்று நம் துப்புரவுப் பணியாளர்களைக் கேளுங்கள். சனிக்கிழமை மாலை 4 முதல் 5.30 வரை, ஒரு தடவைக்கு 12 பிள்ளைகள், கூட இரண்டு பெரியவர்கள். ஓய்வுபெற்ற பொறியாளர்கள் நம்மில் பலர் இருக்கிறீர்கள். தையல் தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை கொடுத்தால் போதும்.

வருபவர்களுக்கு ஒரே நிபந்தனை: பிள்ளையின் கையிலிருந்து பொருளை வாங்கி நீங்கள் செய்து கொடுக்கக் கூடாது. "யாருக்காகச் செய்கிறாய்? ஏன் நிற்கவில்லை என்று நினைக்கிறாய்? வேறு எப்படிச் செய்யலாம்?" என்று கேட்கலாம். மற்றபடி கைகளைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆசிரியையாக இருந்த எனக்கே அதுதான் கஷ்டமான வேலை.

ஆறு மாதம் அந்த அறையைக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் செய்தவற்றை அடுத்த பொதுக்குழுவில் அவர்களே உங்கள் முன் வைப்பார்கள். சரிப்படவில்லை என்றால் சாவியைத் திருப்பித் தந்துவிடுகிறோம். தீர்மானத்தை ஆதரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.