விடுதிக்குச் செல்லும் பெண்களின் பெட்டி
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



குற்றாலத்தில் 1964-ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி விடுதிக்கு நம்மவர் பெண்கள் சிலர் செல்லவிருக்கின்றனர். பெட்டி கட்டுதல் அற்ப விஷயமன்று. கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்திலேதான் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொணர்கின்றது. சுற்றுலா வருவோர்க்கு அது சுகம். துணி உலர்த்துவோர்க்கோ சங்கடம்.

சென்ற ஆண்டு நம் வீட்டுப் பெண்ணின் பெட்டியை நாமே நிரப்பினோம். குடும்ப கௌரவத்தை உத்தேசித்துப் பட்டுப்புடவைகள் மூன்று வைத்தோம். அவற்றிற் பூசணம் பூத்ததோடு, அடியிற் கிடந்த மதிப்பெண் பட்டியலும் ஈரமேறி ஒட்டிக்கொண்டது. உபகாரச்சம்பளத்துக்கு மனுச்செய்யும் சமயத்தில் அவள் அழுதாள். மறுபிரதிக்கு நாம் அலைந்தோம்.

ஆதலின் சான்றிதழ்களை நீர்புகா உறையிலிட்டு மேலே வையுங்கள். நகல்கள் வேறிடத்தில் இருக்கட்டும். விரைவில் உலரும் மெல்லிய ஆடைகள், கொடிக்கயிறு, குடை, கம்பளி, பூட்டு ஆகியவை அவசியம். எண்ணெயும் சோப்பும் சுமக்க வேண்டுவதில்லை. தென்காசிக் கடைவீதி அருகிலேயே உளது. முறுக்கு டப்பாவைத் தாய்மார் விடமாட்டார்கள். அறைத்தோழியரும் உண்பராதலின் அதனை நாம் ஆட்சேபிக்கவில்லை. பெட்டியை அடுக்குபவள் மட்டும் அப்பெண்ணாகவே இருக்கட்டும்.

குடையும் கம்பளியும் வாங்க இயலாத வீட்டார் சங்கக் காரியதரிசியிடம் தெரிவிப்பாராக. பெயர் இப்பத்திரிகையில் வெளிவராது.