ஓர் இறாத்தல் பட்டரும் ஓர் ஆசையும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

இலக்கிய நிகழ்ச்சியிலே கேக் அடிக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே இந்தத் தமிழ் வாத்தியார் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆசை என்பது நமது இலக்கியத்தின் மிகப் பழைய பொருள்களுள் ஒன்று. வள்ளுவர் அதற்கென்றே ‘அவா அறுத்தல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அந்த அதிகாரத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பிலே படிப்பித்து வரும் நான், என் வீட்டுக் குசினியில் அதனை எவ்வாறு பிழையாகப் பயன்படுத்தினேன் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நமது பேச்சுவழக்கைச் சற்றுக் கவனியுங்கள். தோசை சுடுகிறோம், இடியப்பம் அவிக்கிறோம், கேக்கை மட்டும் ‘அடிக்கிறோம்’. அந்த வேலையின் பாரம் அடுப்பில் இல்லை, கையில் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் வழங்கிய சொல் அது. ஓர் இறாத்தல் பட்டர், ஓர் இறாத்தல் சீனி, ஓர் இறாத்தல் மா, பத்து முட்டை என்பது நம் வீடுகளில் வழங்கிவரும் பட்டர் கேக் கணக்கு. பட்டரையும் சீனியையும் சேர்த்து, நிறம் வெளுத்து நுரைபோல் வரும்வரை அடிக்க வேண்டும். சீனி மணிகள் கொழுப்பினுள் உராயும்போது நுண்ணிய காற்றறைகள் உண்டாகின்றன. பின்னர் சேரும் பேக்கிங் பவுடர் புதிய குமிழிகளைப் படைப்பதில்லை. முன்னரே அடித்து ஏற்றிய குமிழிகளைப் பெருக்க வைக்கிறது. எனவே கேக்கின் மென்மையிற் பெரும்பங்கு அடிப்பவரின் கையிலேயே தங்கியிருக்கிறது.

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். அக்காலத்தில் என் தங்கையின் பிறந்தநாளுக்கு அம்மா கேக் அடித்தார். மாஜரின் கிடைத்ததே பெரிய காரியம். மண்சட்டியில் மரஅகப்பையால் அடித்து, மேலும் கீழும் தணல் இட்டுச் சுட்டெடுத்தார். அந்தக் கேக்கின் சுவையைப் பற்றி நான் பல மேடைகளில் உருகிப் பேசியிருக்கிறேன். மறுநாட் காலை கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாமல் அம்மா தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றதை ஒரு மேடையிலும் நான் சொன்னதில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் என் மனைவி அயலவருக்கென்று கேக் செய்யத் தொடங்கினார். 2022இல் எரிவாயுவுக்கு வரிசையும், அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டும் வந்தபோது அது நின்றுபோனது. நிலைமை சீரான பின் மீண்டும் தொடங்கி, இப்போது வார இறுதியில் இரண்டு மூன்று கேக் வெளியே போகின்றன. வீட்டில் இருந்த, கையிற் பிடித்து அடிக்கும் சிறிய பீட்டர் கருகிப் போயிற்று. அதன் பிறகுதான் நகரத்துக் கடையொன்றின் கண்ணாடிக்குள் அவர் அந்த இயந்திரத்தைக் கண்டார். ஸ்டாண்ட் மிக்சர் என்கிறார்கள். செந்நிறப் பூச்சு, வெள்ளிபோல் மின்னும் கிண்ணம். விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வரும். தவணை முறையிலும் தருவார்களாம்.

நான் உடனே வாத்தியாராகி விட்டேன். வருவாய் சிறிதாயிருப்பதில் கேடில்லை, செலவு அதனினும் விரியாதிருந்தாற் போதும் என்ற கருத்து ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உள்ளதை எடுத்துரைத்தேன். இவ்வாறு வாங்கிய இயந்திரம் சில வீடுகளில் துணி போர்த்தபடி அலுமாரிக்கு மேல் உறங்குவதையும் சுட்டிக்காட்டினேன். கைப்பக்குவம் இயந்திரத்துக்கு வருமா என்றும் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டிருந்த மனைவி அமைதியாகச் சொன்னார்:

“இஞ்சாருங்கோ, நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி. ஒருக்கா இந்தப் பட்டரை அடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ.”

அடித்தேன், நேயர்களே. ஐந்தாவது நிமிடத்தில் மணிக்கட்டு கடுத்தது. பத்தாவது நிமிடத்தில் கை மாற்றினேன். இருபதாவது நிமிடத்தில் அம்மா கிணற்றடியில் நின்ற காட்சி கண்ணுக்குள் வந்தது. பட்டர் அப்போதும் மஞ்சளாகவே இருந்தது.

அன்றிரவு குறுந்தொகையின் 167ஆம் பாடலை நினைத்துக்கொண்டேன். கூடலூர்கிழார் பாடியது. புதுமணப்பெண் முற்றிய தயிரை விரலாற் பிசைந்து, அந்த விரலை உடுத்த ஆடையிலே துடைத்து, தாளிப்பின் புகை கண்ணில் நிறையக் குழம்பு ஆக்குகிறாள். கணவன் இனிது என்று உண்கிறான்; அவள் முகம் நுட்பமாய் மலர்கிறது. அந்த மலர்ச்சியின் அழகை மணிக்கணக்காக விளக்கியிருக்கிறேன். புகை நிறைந்த கண்ணையும் தயிர் பிசைந்த விரலையும் புலவர் முன்னாலேயே வைத்திருக்கிறார். நான்தான் அவற்றைத் தாண்டிச் சென்றிருக்கிறேன்.

இந்த இயந்திரம் பிறந்த கதையும் இங்கே பொருந்துகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஹேர்பேர்ட் ஜோன்ஸ்டன் என்ற பொறியியலாளர், 1908ஆம் ஆண்டளவில் ரொட்டிக் கலைஞர் ஒருவர் உலோகக் கரண்டியால் மாவைக் கிளறிக் களைப்பதைக் கண்டு, அதற்கொரு பொறி செய்ய முனைந்தார் என்பர். முதலில் பெரிய பேக்கரிகளுக்கும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களுக்கும் அது சென்றது. 1919இல் வீட்டுக்கான சிறிய வடிவம் வந்தது. சிறியது என்றாலும் அதன் எடை ஏறக்குறைய 30 கிலோ, விலை 189.50 டொலர். அடிக்கும் துடுப்பு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, அசையாத கிண்ணத்தினுள் வலம் வரும். கோள்கள் சூரியனைச் சுற்றுவதை ஒத்த அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. பிறர் கை நோவதைக் கண்ட ஒருவரின் மனத்தில் உதித்த கருவியை, நான் வெறும் ஆடம்பரம் என்று தள்ளியிருந்தேன்.

அதற்காக, இயந்திரம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லவும் நான் வரவில்லை. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியை, வீட்டு இயந்திரங்களைப் பற்றி 1983இல் எழுதிய நூலில் சிந்திக்கத்தக்க ஒன்றைக் காட்டுகிறார். புதிய கருவிகள் பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலையையே குறைத்தன. இல்லத்தரசியின் வேலையோ குறையவில்லை, எதிர்பார்ப்புகள் உயர்ந்தமையால் தொடர்ந்தது என்பது அவர் கருத்து. ஒரு கேக்குடன் நின்ற வீடு, கருவி வந்ததும் மூன்று கேக்கை எதிர்பார்க்கும். ஏனையோர் கையைக் கழுவிவிட்டு எழும்பிவிடுவர்.

இயந்திரத்துக்கு நிறுத்தும் இடமும் தெரியாது. பட்டர் காற்றைப் பிடித்து வைத்திருக்க ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ் வெப்பம் உகந்தது. நமது ஊர் வெயிலில், வேகமான அடியின் சூட்டில், அது உருகிக் காற்றை விட்டுவிடும். மா சேர்த்த பின் அளவுக்கு மிஞ்சிக் கலக்கினால் கேக் இறுகிவிடும். அந்தக் கட்டத்தில் அகப்பையும் கையுமே நல்லவை.

ஆகவே ஆசையை அறு என்று பிறருக்குச் சொல்வதற்கு முன், அந்த ஆசைக்குக் கீழே ஒரு நோவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் எனக் கருதுகிறேன். செந்நிறப் பூச்சின்மேல் எழுந்த ஆசையாயின் சில மாதங்களில் தானே வாடிவிடும். தோள்மூட்டின் நோவிலிருந்து எழுந்ததாயின் அதை ஆசை என்று அழைப்பதே பிழை. அவா அறுத்தல் தன் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்ளும் பாடம். அடுத்தவர் கையைக் காட்டிச் சொல்லும் பாடமன்று.

கடனும் தவணையும் வேண்டாம் என்பதில் நாங்கள் இருவரும் ஒன்றுபட்டோம். பத்துப் பேர் சேர்ந்து பிடிக்கும் சீட்டொன்றில் மனைவி இணைந்திருக்கிறார். எங்கள் முறை வரும்போதும் அந்த இயந்திரம் வேண்டும் என்று தோன்றினால் வாங்குவோம். சீட்டு இன்னும் எங்களுக்கு விழவில்லை. அதுவரை சனிக்கிழமைகளில் பட்டர் அடிப்பது என் பொறுப்பு. சென்ற வாரம் முதன்முறையாக அது வெண்மையாக வந்தது. மனைவி விரலால் தொட்டுப் பார்த்து, “இன்னும் அஞ்சு நிமிசம் அடியுங்கோ” என்றார்.