கூண்டு போட்ட தேதி

(கலை ஆவணக்காப்பகம் குறித்து அபிராமபுரத்தில் நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நவீன, சமகாலக் கலைக்கென்று ஒரு பொது ஆய்வு நூலகமும் ஆவணக்காப்பகமும் சென்னைக்கு வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் மறுப்பில்லை. எனக்கும் இல்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்றும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரசுக் கல்லூரியாக நடக்கிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலத்தை உருவாக்கினார்கள். இவ்வளவு நடந்த ஊரில், ஒரு பழைய கண்காட்சிக் கையேட்டைப் பார்க்க நான் ஓவியர்களின் வீட்டுக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். 2000இல் ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட ஆசிய கலை ஆவணக்காப்பகம், பரோடா ஓவியர்களின் கடிதங்களையும் ஒளிப்படங்களையும் மின்வடிவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. இந்த அறையில் உட்கார்ந்தே ஜோதி பட் எடுத்த படங்களைப் பார்த்துவிடலாம்.

ஆக, காப்பகம் வரட்டும். அதில் எதைச் சேர்ப்பார்கள், எந்த அலமாரியில் வைப்பார்கள், யாரை உள்ளே விடுவார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

அலமாரியிலிருந்து தொடங்குகிறேன். கேரி மைக்கேல் டார்டகோவ் தொகுத்த தலித் கலை பற்றிய ஆங்கில நூல் 2012இல் வந்தது. ஒரு நூலகத்தில் அதைக் கலைப் பிரிவில் தேடினேன், கிடைக்கவில்லை. டூயி தசமப் பகுப்பில் கலைக்கு 700, சமூகக் குழுக்களுக்கு 305. புத்தகம் 305இல் இருந்தது! பிக்காசோ வரைந்தால் ஓவியம். பரோடாவில் அச்சோவியம் படித்த சவி சாவர்கர் வரைந்தால் சமூகவியல். நூலகர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த எண்ணை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு காப்பகம் தொடங்குகிறவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

அடுத்தது, எதைச் சேர்ப்பது. தமிழ்நாட்டில் ஊர்தோறும் நவீன பொதுச் சிற்பம் ஒன்று நிற்கிறது. நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். அண்ணலின் சிலை. அதில் எத்தனையோ சிலைகளைச் சுற்றி இரும்புக் கூண்டு. கலை வரலாற்று மாணவனாகச் சொல்கிறேன், அந்தக் கூண்டும் படைப்பின் ஒரு பகுதி. சிலையை வடித்தவர் யார், சிமெண்டா வெண்கலமா, பணம் எப்படித் திரண்டது, கூலி எவ்வளவு, திறந்த நாள் எது, கூண்டு போட்ட நாள் எது, யார் உத்தரவில் போட்டார்கள்? இவற்றில் கூண்டு சம்பந்தப்பட்டது மட்டும் பெரும்பாலும் காவல் நிலையத்திலோ வருவாய்த் துறையிலோ ஏதாவது கோப்பில் இருக்கும். வடித்தவர் பெயர் எந்தக் கோப்பிலும் இருக்காது.

சேரிச் சுவர்களில் வரையப்படும் அம்பேத்கர் நிலைமை இன்னும் மோசம். ஏப்ரல் 14க்கு முன் வெள்ளையடித்துப் புதிதாக வரைவார்கள். பழைய படம் அடியில் போய்விடும். வரைந்தவர் ஒருகாலத்தில் சினிமா பேனர் எழுதியவராக இருப்பார். ஃபிளெக்ஸ் வந்தபின் அந்தத் தொழில் போயிற்று. அவரிடம் ஸ்கெட்ச் புத்தகம் இருக்காது. மாதிரிக்கு வைத்திருந்த காலண்டர் படமும், கட்டம் போட்ட தாளும், கூலி எழுதிய டைரியும் இருக்கலாம். காப்பகத்துக்கு அவை போதாதா? பணிக்கரின் கடிதத்துக்குக் கொடுக்கிற அமிலமற்ற உறையை அந்த டைரிக்கும் கொடுக்க வேண்டும்.

நாம் காப்பாற்றாததை யாரும் காப்பாற்ற மாட்டார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன? இங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கிற ராயப்பேட்டையிலிருந்துதான் 1907இல் பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். அந்தப் பக்கங்களைத் தலைமுறைகள் தாண்டிக் காத்தவை தமிழ்ப் பௌத்தக் குடும்பங்களின் வீடுகள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து பாளையங்கோட்டையிலிருந்து நூலாக வந்த பிறகுதான் பல்கலைக்கழகங்களுக்கு அவர் கண்ணில் பட்டார். இன்று அவரை மேற்கோள் காட்டாத கருத்தரங்கு உண்டா? டிரங்குப் பெட்டியில் வைத்துக் காத்தவர்களின் பெயர்தான் அடிக்குறிப்பில் வருவதில்லை.

கடைசியாக, வாசல். ஆய்வு நூலகங்களில் என்னிடம் பதிவுச் சான்றும் நெறியாளர் கடிதமும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு நெறியாளர் இருக்கிறார், கடிதம் வாங்கிவிடுவேன். பேனர் எழுதியவருக்கு எந்த நெறியாளர் கடிதம் கொடுப்பார்? தன்னுடைய டைரியையே பார்க்க அவர் கடிதத்தோடு வர வேண்டுமென்றால், பெயர்ப்பலகையில் ‘பொது’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். வாக்காளர் அட்டை போதும் என்று விதியில் எழுதுங்கள். அட்டவணை தமிழிலும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கட்டும், தினக்கூலிக்காரருக்கு அன்றுதான் நேரம் கிடைக்கும்.

காப்பகம் கட்டி முடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் ஏப்ரலுக்கு முன், சுவரில் வெள்ளையடிப்பதற்கு முந்தின நாள், உங்கள் பகுதிப் படத்தைப் போனில் எடுங்கள். வரைந்தவரின் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சிலையாக இருந்தால் கூண்டையும் சேர்த்து எடுங்கள். பூட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அதையும் எழுதிவையுங்கள்.